வெள்ளி 12.50-க்கு விழுந்த விமானம்

காலை 9.10.

“புல் அப்! புல் அப்!”

‘மேலே இழு’ என்று உள்துறைமுகத்தைப் பார்த்த மாடியிலிருந்து எழுந்த இயந்திர அலறலில், கீழே தேநீர்க் கடை வாசலில் நின்ற காகங்கள் கூட்டமாகப் பறந்தன. மேலே, மின்சுவிட்சைப் போட்ட விரலை எடுக்காமலே இன்ஷிரா உறைந்து நின்றாள்.

அறையின் நடுவே அவளுடைய பயிற்சி நிலையத்தின் போர் விமான சிமுலேட்டர். ஒரு கதிரை, மூன்று திரை, முகப்புப் பலகை நிறையக் கருவிகள். மின்சாரம் வந்தால் கடைசி ஓட்டத்தின் முடிவைத் திரும்ப ஓட்டிக் காட்டுவது அதன் பழக்கம். தொடங்கியதும் விமானம் மூக்கைக் கீழே குத்திக் கடலில் பாய்ந்தது. திரையில் ஒரு வரி எழுந்தது: ‘வெள்ளி, 12.50. தரையிறக்கம் தோல்வி.’

விமானி பிடிக்கும் பிடி அடியோடு முறிந்து கதிரைக்குக் கீழே கிடந்தது.

9.25.

மூன்று பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். பயிற்றுநர் அஸீம், ஐம்பது வயது, நெடிய உருவம். கிண்ணியாவிலிருந்து வரும் மாணவன் ஜவ்பர், வாய் மூடாதவன். இலங்கைத்துறை மீனவக் குடும்பத்து மாணவன் நிசாந்தன், வாய் திறக்காதவன்.

“கதவுத் திறப்பு மூண்டுதான்,” என்றாள் இன்ஷிரா. “என்னட்ட, அஸீம் சேரிட்ட, நிசாந்தனிட்ட. நேற்று வெள்ளி பன்னிரண்டுக்குப் பூட்டினது. பன்னிரண்டு ஐம்பது ஜும்ஆத் தொழுகை நேரம். நான் விடியத் தொடக்கம் மூதூரில கலியாண வீட்டில. சேர் பள்ளியில.”

“எனக்குப் பக்கத்திலதான் சேர் நிண்டவர்,” என்றான் ஜவ்பர்.

எல்லாக் கண்களும் நிசாந்தன் பக்கம் திரும்பின.

“நான் பஸ் ஸ்டாண்டில இருந்தனான் அக்கா. ஒண்டரை பஸ்ஸுக்கு.”

“கண்டவங்க இருக்கா?”

“ஒருத்தரும் இல்ல.”

மேசையில் ஒரு கடிதம் இருந்தது. விமானிப் பயிற்சிக்கான இலவச இடத் தேர்வுக்கு நிலையம் ஒரேயொரு பெயரைத்தான் அனுப்பலாம். நிசாந்தனின் பெயர் எழுதியாகிவிட்டது. பதினொரு மணிக்கு மின்னஞ்சல் போக வேண்டும்.

இன்ஷிரா பேனாவைத் திறந்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி. களவா வந்து உடைச்சவர்ர பேரை என்னால அனுப்ப ஏலாது.”

“அவன் அப்பிடிச் செய்யிறவன் இல்லயே...” என்றார் அஸீம், தரையைப் பார்த்தபடி.

“ஆர் என்ர காகத்தையெல்லாம் கலைச்சது?”

வாசலில் ராசமலர். கீழ் வீட்டில் இருப்பவர். முப்பத்தோராண்டு வானிலை அவதானிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் காற்றழுத்தம் பார்த்துக் கொப்பியில் எழுதும் பழக்கத்துக்கு இல்லை. போன வருடம் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டுக் காணாமல் போன சாரத்தை, அன்று காற்று வீசிய திசையை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தவர்.

நடந்ததைக் கேட்டார். இன்ஷிராவின் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார்.

“பதினொரு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஒருத்தரும் ஒண்டையும் தொடாதேங்கோ.”

9.50.

“ஜவ்பர், இதில எப்பிடி இறக்கிறது? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்,” என்றார் ராசமலர்.

ஜவ்பருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? “கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகார், பனிமூட்டம், அக்கா. சீனன்குடா ஓடுபாதை எங்க, கடல் எங்க, ஒண்டும் தெரியாது. இரண்டு ஊசிதான் துணை. ஒண்டு இடம் வலம் சொல்லும், மற்றது மேல் கீழ் சொல்லும். இரண்டும் நடுவில சந்திச்சு நிண்டா பாதை சரி. ஆனா உடம்பு கேக்காது. சரிஞ்சு போறம், சரிஞ்சு போறம் எண்டு கத்தும். உடம்பை நம்பினா மீனுக்குத் தீன்தான்.”

“இந்தக் குமிழ்?”

“அதுதான் முதல் பாடம். நீங்க தந்த பாரோமீற்றரில அழுத்தம் பாத்து, குமிழைத் திருகி அந்த எண்ணை வைக்கணும். இல்லாட்டி உயரமானி பொய் சொல்லும். ‘முதல் குமிழ்! முதல் குமிழ்!’ சேர் கத்திற கத்தலில எனக்குக் கனவிலயும் குமிழ்தான்.”

ராசமலர் குனிந்து பார்த்தார். குமிழின் சிறு சாளரத்தில் 1007. சுவரிலிருந்த பாரோமீற்றரில் 1011.

“நேற்றைய எண்,” என்றாள் இன்ஷிரா. “அழுத்தம் மாறும்தானே.”

“ஓம், மாறும்.”

கீழ்க் கடையிலிருந்து பால் விடாத பிளேன்ரீ வந்தது. அஸீம் இடது கையால் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“என்ன சேர், இடது கையால?” ஜவ்பர் சிரித்தான். “எங்கட உம்மா கண்டா காதைத் திருகிப் போடுவா.”

“சும்மா இரும்,” என்றார் அஸீம். அவருடைய வலது கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

10.15.

“பழைய பதிவுகளைக் காட்டுங்கோ, இன்ஷிரா,” என்றார் ராசமலர்.

திரையில் பட்டியல் ஓடியது. பெயர்கள் இல்லை, நாள், நேரம், முடிவு மட்டும். இன்ஷிராவின் முகம் இறுகியது. ஐந்து வெள்ளிக்கிழமைகள். ஐந்திலும் 12.40-க்குத் தொடக்கம். ஐந்திலும் கடலில் முடிவு.

“ஒருக்கா இல்ல, அஞ்சு வெள்ளி!”

“அக்கா,” என்றான் நிசாந்தன், முதல் தடவையாகக் குரலை உயர்த்தி. “நான் இதில கடைசியா விழுந்து மூண்டு மாசம். ஜவ்பரைக் கேளுங்கோ.”

ராசமலர் தலையாட்டினார். “நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு எங்க நிண்டனீர்?”

“நாலு மணிக்கா? பன்னிரண்டு ஐம்பதுக்குத்தானே...”

“கேட்டதுக்குப் பதில்.”

“கரைவலை இழுத்தனான்.”

“அதுக்கு நான் சாட்சி!” ஜவ்பர் கைபேசியை நீட்டினான். “மீன் அனுப்புடா எண்டா, மீன்ர வீடியோ அனுப்புறான். நாலு மணி அஞ்சு நிமிசம்.”

காட்சியில் இலங்கைத்துறைக் கடற்கரை. இடுப்பளவு தண்ணீரில் நிசாந்தன்.

“அஸீம் சேர், நீங்கள் ஜும்ஆ முடிய எங்க போனீங்கள்?”

“வீட்டதான். ஆரும் இல்ல. மனுசி தாய் வீட்ட போயிருந்தவ.”

ராசமலர் கீழே இறங்கிப் போனார்.

10.35.

திரும்பி வந்தபோது கையில் நீல அட்டைக் கொப்பி.

“கடலுக்கு வற்றுப் பெருக்கு இருக்கிற மாதிரி எங்கட காற்றுக்கும் இருக்கு. நாளுக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் இறங்கும். காலம பத்து மணிக்கு ஆகக் கூட. பின்னேரம் நாலு மணிக்கு ஆகக் குறைவு. புயல் கியல் இல்லாட்டி பிசகாது. நேற்றைய கணக்கு: பதினொண்டரைக்கு 1011. இரண்டரைக்கு 1008. அஞ்சரைக்குத் திரும்ப ஏறி 1008.”

குமிழைச் சுட்டினார்.

“பன்னிரண்டு ஐம்பதுக்கு ஓடினவர் 1010 கிட்ட வைச்சிருப்பார். இதில 1007 நிக்குது. பன்னிரண்டுக்குப் பூட்டின பிறகு 1007-க்கு இறங்கினது பின்னேரம் நாலு மணியை ஒட்டித்தான். அப்ப திரையில உள்ள நேரம் பொய். கம்பியூட்டர் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பி வைச்சிட்டு ஓடி, பிறகு திரும்பச் சரிசெய்திருக்கினம். மணிக்கூடு ஞாபகம் வந்தது. கையால திருகின குமிழ் ஞாபகம் வரேல்ல.”

“ஏன் பன்னிரண்டு ஐம்பது?” என்றாள் இன்ஷிரா.

“அந்த நேரத்தில தன்னை ஆரும் சந்தேகிக்க ஏலாது எண்டு தெரிஞ்ச ஒருத்தர். பள்ளி முழுக்க அவருக்குச் சாட்சி. திறப்பு மூண்டு. நாலு மணிக்கு நீங்கள் கலியாண வீட்டில, நிசாந்தன் கடலுக்குள்ள.”

ராசமலர் அஸீம் பக்கம் திரும்பினார்.

“சேர், பைக்குள்ள இருக்கிற கையை ஒருக்காக் காட்டுங்கோ.”

அஸீம் மெதுவாகக் கையை எடுத்தார். உள்ளங்கையின் குறுக்கே பிளாஸ்டர்.

“படிக்கிற பொடியள் எண்டா குமிழை மறந்துபோவினம். பழக்கம் உள்ளவர்தான் களவா ஓடேக்கயும் முதல் குமிழைத் திருகுவார். ‘புல் அப்’ எண்டு மெசின் சத்தம் போட்டதும் இரண்டு கையாலயும் பிடியை இழுத்திருக்கிறார். பிடியும் போச்சு, கையும் வெட்டுப்பட்டுது. தேத்தண்ணி இடது கைக்கு மாறினது அதாலதான்.”

“ஓம்,” என்றார் அஸீம். “நான்தான். என்ர தலைக்கு மட்டும்தான் வழி பாத்தனான். அது தம்பிர தலையில விடியும் எண்டு நினைக்கல்ல. காலம சொல்ல வாயெடுத்தன்... வெக்கம் விடல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி.”

ஜவ்பர் முறிந்த பிடியை எடுத்துப் பார்த்தான். “சேர், இவ்வளவு பலம் இருந்தா கரைவலைக்குப் போயிருக்கலாமே!”

இன்ஷிராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பிடி புதுசு நீங்கதான் வாங்கணும் சேர்,” என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை இணைத்தாள்.

10.58. மின்னஞ்சல் போனது. பெயர்: நிசாந்தன்.

நிசாந்தன் அஸீமின் பக்கத்தில் வந்து நின்றான். மூன்று மாதமாக அவனை நூறு தடவை இறங்க வைத்த மனிதர். ஊசியை நம்பச் சொல்லிக் கொடுத்த மனிதர். அவனுக்குக் கோபம் வரவில்லை. ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“ஏன் சேர் களவா? இது உங்கட மெசின் மாதிரித்தானே. எங்களுக்கு முன்னால ஓடியிருக்கலாமே?”

அஸீம் திரையைப் பார்த்தார். கடலுக்குள் மூக்கைக் குத்தியபடி நின்ற விமானத்தைப் பார்த்தார்.

“எல்லாம் புத்தகத்தில படிச்சுப் படிப்பிச்சது தம்பி,” என்றார். “அந்தப் புகார் விலகி ஓடுபாதை முன்னால வரேக்க... அது எப்பிடி இருக்கும்? நான் ஒருக்காலும் கண்டதில்ல.”