ஓடையில் விட்டவை

கார் கொட்டகையில் காலி வாளி நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் உரசும் ஓசை. யாரோ அதை ஒரு சாண் தூரம் இழுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது போல. பிறகு ஒன்றுமில்லை.

அடுப்பில் டார்ட்டியா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த இசெலா அப்படியே நின்றாள். காற்றாக இருக்கும். சன்னலுக்கு வெளியே மாலை வெயிலில் மெஸ்கீட் மரத்தின் ஓர் இலைகூட அசையவில்லை.

அடுப்பைத் தணித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். பாம்பு பிடிக்கும் நீளமான இடுக்கி சுவரில் தொங்கியது. அதன் கீழே வெள்ளை வாளி, திருகுமூடி இறுக்கி மூடியபடி. காலால் தள்ளிப் பார்த்தாள். கனமில்லை. மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை, அந்த வாடையைத் தவிர. பூட்டிக் கிடந்த அறையில் ஈரத்துணி மக்கியது போன்ற, பாம்பு பயந்தால் விடும் வாடை. நடுப்பகலில் அவளே கவிழ்த்துக் காலி செய்த வாளி அது. எங்கே கவிழ்த்தாள் என்பதை நினைக்காமல் மூடியைத் திருகினாள்.

"அக்கா! கருகுது!" உள்ளேயிருந்து தம்பி ராமிரோ கத்தினான். "பாம்பு புடிக்கிற கைக்கு அடுப்பு மட்டும் புடிபடவே மாட்டேங்குதே!"

"நீ திங்கிற அழகுக்கு இது போதும்டா."

சாப்பாட்டு மேசை முழுக்க அவன் வரைபடத்தை விரித்திருந்தான். ஒரு மூலையில் மிளகாய்ச் சாறு புட்டி, இன்னொரு மூலையில் பீன்ஸ் சட்டி. அவன் மனைவி நோயமி முழங்கையால் மூன்றாவது மூலையை அழுத்திக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகியிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடமாக எங்காவது ஒன்றாகப் போக வேண்டுமென்று சொல்லிச் சொல்லி, ஒருவழியாக நாளைக்குப் புறப்படுகிறார்கள். எங்கே என்று சொல்லாமல் இசெலாவின் வீட்டுக்கு வந்திறங்கியிருந்தார்கள். வழி போட்டுக் கொடுக்க அவளைவிட யார் இருக்கிறார்கள்?

"இங்க பாரு." ராமிரோ விரலை வைத்தான். "ரோடு ஓடையத் தாண்டுற எடத்துல வண்டிய விட்டுடறோம். அங்கேர்ந்து தண்ணியிலயே மேல போறோம். நடைபாதையெல்லாம் கெடையாது. வெயில் ஏறதுக்குள்ள இந்த இடுக்கு. ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் போக முடியும். அதத் தாண்டினா குளம். குதிச்சிட வேண்டியதுதான்."

அலிசோ ஓடை. இசெலா தட்டைக் கீழே வைத்தாள்.

"அங்க எதுக்கு? தண்ணியே கெடக்காது."

"போன வாரம் பேஞ்ச மழைக்கா? முழங்கால் அளவு ஓடுது. வர்ற வழியில எறங்கிப் பாத்துட்டுத்தான் வரேன்."

"நல்ல பாதை இருக்கிற எடமாப் பாரேன்டா."

"பாதையில நடக்கணும்னா நான் இவள மாலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"கூட்டிட்டுப் போயிட்டாலும்," என்றாள் நோயமி. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. அங்க பாம்பு ரொம்ப இருக்கா? இவர் பேச்ச நான் நம்பல. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இவரு காத முறுக்கி இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

குளிர்காற்றுப் பெட்டி கூரையில் உறுமியது. அது ஊதும் காற்றோடு ஈர வைக்கோல் வாசனை கனமாக இறங்கியது. நோயமியின் முகம் அவளை நோக்கித் திரும்பியிருந்தது, பல்மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுகிறவர்களின் முகம் போல, முழுக்க நம்பி.

வாலை ஆட்டி ஒலியெழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்புக்குத் தன் குன்று மட்டும்தான் தெரியும். எந்தப் பொந்தில் குளிர்காலம், எந்தப் புதரடியில் எலி, எந்தப் பாறையில் காலை வெயில் என்று அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் அதன் ஆயுள். பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிழலான பொந்து பார்த்து விட வேண்டும். தூரத்தில் விட்டால் அது வீடு தேடி அலைந்து, இரை எடுக்காமல், காய்ந்து சாகும். பாம்பு பிடிக்க உரிமம் தந்தவர்கள் சொல்லிக் கொடுத்தது இது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இசெலாவும் இதைத்தான் சொன்னாள். கொல்லாமல் காப்பாற்றுகிறவள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படம் போட்டார்கள். ராமிரோ அதைத் தன் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்.

ஆனால் ஃபீனிக்ஸிலிருந்து வந்து குன்றடியில் வீடு கட்டியவர்கள் பக்கத்தில் பொந்து பார்க்க விடுவதில்லை. "தூரமா கொண்டு போயிடுங்க, ரொம்பத் தூரமா" என்று வாசலில் நின்று கத்துவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ஓடை குறுக்கிட்டது. ஒருநாள் அங்கே வண்டியை நிறுத்தி ஒன்றை விட்டாள். மறுநாள் இன்னொன்றை. நான்கு கோடைகளாக, பிடித்ததையெல்லாம் அங்கேதான் விட்டாள்.

போன மாதம், என்னதான் ஆயின என்று பார்க்க, தனியாக ஓடையில் இறங்கினாள். கரையில் ஒன்றையும் காணோம். செத்ததன் தோல்கூட இல்லை. இடுக்கு வரை போனாள். அங்கே இரண்டு பாறைச் சுவர்களிலும், இடுப்புயரத்தில், தோளுயரத்தில், தலைக்கு மேலே, ஒவ்வொரு வெடிப்பிலும் அவை சுருண்டிருந்தன. விலா எலும்பு தெரியும்படி இளைத்து, தோல் தொங்கி, உயிரோடு. ஒரே பொந்தில் பத்து இருபது. அத்தனை தலைகளும் ஊர் இருக்கும் திசையையே பார்த்திருந்தன. அவள் நிழல் மேலே விழுந்தும் ஒன்றுகூட வாலை ஆட்டி எச்சரிக்கவில்லை. திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினாள்.

அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. இன்று நடுப்பகல்கூட.

"அக்கா?" என்றாள் நோயமி.

சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எப்படி அத்தனை என்று கேட்பார்கள். ராமிரோ கேட்பான்.

"எல்லா ஓடையிலயும் இருக்கிற அளவுதான்," என்றாள் இசெலா.

"பாத்தியா!" ராமிரோ மேசையைத் தட்டினான். "பாம்பு டாக்டரே சொல்லியாச்சு."

நோயமி மூச்சு விட்டு, பென்சிலால் ஓடையின் வழியே ஒரு கோடு இழுத்தாள். கோடு இடுக்கின் வழியாகப் போனது. அதைப் பார்க்க முடியாமல் இசெலா பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசினாள். முழங்கால் வரைக்கும் தடித்த காலுறை போடுங்க. விழுந்து கெடக்குற மரத்த ஒரேயடியாத் தாண்டாதீங்க, மேல ஏறி நின்னு, அந்தப் பக்கம் பாத்துட்டு எறங்குங்க. கண்ணு பாக்காத எடத்துல கை வைக்காதீங்க. கடிச்சா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க. அங்க போன் எடுக்காது, ஒருத்தர் ஓடி வந்து சொல்லணும். எல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மையாக எடுத்து அந்த ஒரு பொய்யின் மேல் அடுக்கினாள்.

"கிலுகிலுன்னு சத்தம் கேட்டா?" என்றாள் நோயமி.

"அப்படியே நின்னுடு. சத்தம் வந்தா நல்லது. எங்க இருக்குன்னு தெரியும்."

"வரலன்னா?"

இசெலா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

விடியுமுன் கிளம்ப வேண்டுமென்று, இருட்டியதும் இருவரும் முன்னறைத் தரையில் மெத்தை விரித்துப் படுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு, நோயமியின் சிரிப்பு, ராமிரோவின் "தூங்குடி" கேட்டன. பிறகு இரண்டு மூச்சுகள் மட்டும்.

இசெலா விளக்கைப் போடாமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். கூரைப் பெட்டியின் உறுமலுக்கு அடியில் இன்னொரு ஓசை இருப்பதாகப் பட்டது. காய்ந்த இலைகளைப் பெருக்குவது போல, நீளமாக, ஒரே சீராக, வீட்டைச் சுற்றிக்கொண்டே வருவது. எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள். உறுமல் நின்றது. அந்த ஓசையும் அதே நொடியில் நின்றது, அதுவும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது போல. வெளியே பூச்சிகள்கூடக் கத்தவில்லை. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. புழுக்கம் மெல்லத் திரண்டது. புழுக்கத்தோடு ஒரு வாடையும் வந்தது. ஓடை வாடை. பாசி படிந்த கல், அழுகிய இலை, ஈரச் சேறு. அதற்குள் மக்கிய துணி.

கைகளை முகர்ந்து பார்த்தாள். சவுக்கார வாசனைதான் அடித்தது.

நோயமியின் பென்சில் கோடு கண்ணுக்குள் நகர்ந்தது. இடுக்கு. ஒருத்தர் பின்னால் ஒருத்தர். முன்னால் போகிறவன் ராமிரோவாகத்தான் இருப்பான். பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். தோளுயரத்தில்.

போதும். எழுந்தாள். உரிமம் போகட்டும். ராமிரோ சுவரிலிருந்து படத்தைக் கிழித்து எறியட்டும். எழுப்பிச் சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும்.

நடையில் வைத்த வெறுங்காலில் மணல் ஒட்டியது.

ஈர மணல். பொடி மணல். மாலையில் பெருக்கிய தரை.

குனிந்து தடவினாள். மணலில் வரிகள். விரல் அகலம். அலை அலையாக. பக்கத்திலேயே இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. எல்லாம் ஒரே பக்கம் போயின. முன்னறைப் பக்கம்.

கதவு ஒருக்களித்திருந்தது. அவள் மூடிவிட்டுத்தான் வந்தாள்.

தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. சன்னல் வழியே தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம். தரையின் ஓடுகள் தெரியவில்லை. ஓர் ஓடுகூட. மெத்தையின் விளிம்பு தெரியவில்லை. நோயமியின் மடங்கிய முழங்காலுக்குப் பின்னால், ராமிரோவின் கழுத்து வளைவில், இருவருக்கும் நடுவில், சூடு இருந்த இடமெல்லாம் அவை. இளைத்தவை. தோல் தொங்கியவை. மூச்சுக்கு மூச்சு அவர்களோடு சேர்ந்து ஏறி இறங்குபவை.

தலைகள் மட்டும் அசையவில்லை. அத்தனையும் வாசலைப் பார்த்திருந்தன.

அவளை.

ஒன்றுகூட வாலை ஆட்டவில்லை.

கத்தினால் விழித்துத் துள்ளுவார்கள். இடுக்கி கொட்டகையில். பின்வாங்கக் காலை எடுத்தாள். குதிகாலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டு, நகராமல் நின்றது. பின்னாலும்.

மூச்சை அடக்கினாள்.

நோயமி புரண்டாள். கண் திறக்கவில்லை.

"அக்கா?" தூக்கம் தோய்ந்த குரல். "நீங்களா? என்ன, ஏதாவது சொல்லணுமா?"

இசெலாவின் வாய் திறந்தது.

"சொல்லுங்கக்கா," என்று முனகிக்கொண்டே நோயமி போர்வையிலிருந்து கையை நீட்டி, தரையில் வைத்திருந்த விளக்கைத் தேடித் தடவத் தொடங்கினாள்.