நீல உதடும் தொண்ணூற்றொன்பதும்

கோ பி-ஷியா அம்மாள் பால்கெண்டைக் கஞ்சியில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் தூ இ-சுன் வந்து எதிர் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தைவானின் தைனான் நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் மயக்க மருந்து நிபுணர். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"இன்னிக்கு மத்தியானம் என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளப் போறாங்க, மேடம்."

"தள்ளட்டும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

பி-ஷியா அம்மாள் ஒரு காலத்தில் தலைமை நர்ஸ். இப்போது ஆஸ்பத்திரி வழக்குகளைத் தீர்த்துவைப்பதே தொழில். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஆட்களைப் பார்ப்பாள். அவள் பக்கத்தில் இருந்த ஆ-தேக், பழைய இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கதை பாதி ஓடுவதற்குள் யாரையாவது ஜெயிலுக்கு அனுப்பிவிடுகிற உற்சாகம் அவனுக்கு.

டாக்டர் சொன்னாள். மீன் உருண்டைக் கடை ருவான் அம்மாளுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். "முந்தாநாள் காலையில தியேட்டர்ல ஃபென்டனில் குடுத்தேன். ஓபியாய்டு மருந்து, மூச்சை மட்டுப்படுத்தும். அதனால அளந்துதான் குடுத்தேன். முடிஞ்சதும் நல்லா முழிச்சாங்க. மத்தியானம் வார்டுல மகளைப் போட்டுத் திட்டினாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம். விடாம."

"அப்ப மூச்சுக்கு ஒரு குறையும் இல்ல. மேல சொல்லு."

"அப்புறம் வலிக்கு மார்ஃபின் பம்பு போட்டோம். வலிச்சா நோயாளியே பொத்தானை அமுக்கணும். மருந்து அதிகமானா தூங்கிடுவாங்க, தூங்கினா அமுக்க முடியாது. அதுதான் அதோட பாதுகாப்பே. சாயங்காலம் மகள் ஆ-கிம் கடையிலேருந்து திரும்பி வந்து பார்த்தா, அம்மா உதடெல்லாம் நீலம். மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல. மார்ஃபினை முறிக்கிற மருந்து போட்டு இழுத்துப் பிடிச்சோம். ஆனா, மேடம், விரல்ல மாட்டுற கிளிப் இருக்கே, அதோட மானிட்டர் நடுவுல ரெண்டு மூணு தடவை அலாரம் அடிச்சிருக்கு, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பதுன்னுதான் காட்டியிருக்கு!"

"நாடி?"

"தொண்ணூறுக்கு மேல."

"அந்தம்மா நாடியை மட்டுப்படுத்துற இதய மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"ஆமா. ஆபரேஷன் முழுக்க நாடி அறுபதைத் தாண்டல."

"கிளிப் எங்க கிடந்துச்சு?"

"வெளிநாட்டுலேருந்து வந்த மகன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில. கலாட்டால கழண்டு விழுந்திருக்கும்."

பி-ஷியா அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆ-தேக் துள்ளினான். "மகள்தான் அக்கா! கடைக்கு ஆசைப்பட்டு அம்மாவை..."

"கடையைப் பத்து வருஷமா அவதான் சுமக்கிறா. தலைச்சுமையை எவளாவது திருடுவாளா? வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

மகன் வான்கூவரில் இருப்பவன். பெற்றோர் வைத்த பெயர் ஸி-ஹாவ். அங்கே போய் கெவின் ஆகிவிட்டான். ஆபரேஷன் அன்றுதான் வந்து இறங்கினான். இவனைப்போன்றவர்களுக்கு வார்டு நர்சுகள் ஒரு பட்டமே வைத்திருக்கிறார்கள்: அடிவானத்துத் தவப்புதல்வன். வருஷக்கணக்காகக் கண்ணில் படமாட்டான். வந்த அன்றைக்கே எல்லோரையும்விட அம்மாமேல் உருகுவான். டாக்டர்களைப் பார்த்துக் கத்துவான். அவன் கொண்டுவரும் பாசம் விமான நிலையக் கடைச் சரக்கு. பளபள உறை, உள்ளே கொஞ்சம்.

வார்டு அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கட்டிலில் ருவான் அம்மாள், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. சுவரோரம் ஆ-கிம், கையில் மீன் வாடை. தலைமேல் கறுப்புக் கண்ணாடியோடு கெவின். கெவினுக்காகப் பேச வந்த, முதுகில் பெயர் பொறித்த கையில்லா மேல்சட்டை போட்ட நகரசபை உறுப்பினர் ஒருவர். காமிரா இருக்கும் இடத்தில் மட்டும் அவருக்குக் கண்ணீர் சுரக்கும். ஆஸ்பத்திரி டைரக்டர் ஷீ எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அந்தப் பக்கம் குனியத் தயாராக நின்றார். நிருபர்கள் தாழ்வாரத்தில்.

"பேச ஒண்ணுமில்ல," என்றான் கெவின். "இந்தப் பொண்ணு தியேட்டர்ல அளவுக்கு மீறி மருந்து குடுத்திருக்கு. கனடாவா இருந்தா இந்நேரம் லைசென்ஸ் போயிருக்கும்."

"உண்மைதான், உண்மைதான்," என்று குனிந்தார் டைரக்டர். "டாக்டர் தூவை அனுப்புறதா ஏற்கனவே..."

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் பி-ஷியா அம்மாள். "காலையில குடுத்த ஃபென்டனில், மத்தியானம் அரை மணி நேரம் திட்ட விட்டுட்டு, சாயங்காலம் வந்தா ஆளை அமுக்கும்? ஊர்லேருந்து திரும்பி வந்துச்சா? அது மத்தியானமே இறங்கியாச்சு. சாயங்காலம் அமுக்குனது மார்ஃபின். பம்போட கணக்குல மதியத்துக்கு மேல வரிசையா அமுக்கல்கள் இருக்கே, டைரக்டர்?"

"இருக்கு. ஆனா நோயாளி தானே அமுக்கியிருக்காங்க. வரம்புக்குள்ளதான்."

"முழிச்சிருக்கிற ஆளுக்குத்தான் அந்த வரம்பு. கெவின் தம்பி, அன்னிக்கு அம்மா எப்படித் தூங்கினாங்க?"

கெவின் முகம் மலர்ந்தது. "கொழந்தை மாதிரி! நான் வந்ததும்தான் நிம்மதியாத் தூங்கினாங்க. உறவுக்காரங்க எல்லாரும் பார்த்து அசந்துட்டாங்க. குடும்ப குரூப்பில படம்கூடப் போட்டேன், பாருங்க. சாயங்காலம் வரைக்கும் நான் கையை விடவே இல்ல."

படத்தில் அம்மா வாய் திறந்து தூங்கினாள். மகன் அவள் கையை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான். பொத்திய கைகளுக்குள்ளிருந்து பம்புப் பொத்தானின் வயர் வெளியே வந்தது.

"சாயங்காலம் வரைக்கும் தூங்கினவங்க சாயங்காலம் வரைக்கும் அமுக்கியிருக்காங்க," என்றாள் பி-ஷியா அம்மாள். "கெட்டிக்காரத் தூக்கம். சரி, ஆக்சிஜனுக்கு வருவோம். ஆ-தேக், அந்தக் கிளிப்பைப் பாட்டியம்மா விரல்ல மாட்டு."

மானிட்டர் யோசித்துவிட்டு நாடி ஐம்பத்தெட்டு என்றது.

"இப்ப தம்பி விரல்ல."

"எதுக்கு?" கெவின் கையைப் பின்னால் இழுத்தான். ஆ-தேக் அதற்குள் பிடித்து மாட்டிவிட்டான். ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது. நாடி தொண்ணூற்றாறு, பார்க்கப் பார்க்க ஏறியது.

"மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்ல. நீல உதட்டோட கிடக்கிறவளுக்குத் தொண்ணூற்றொன்பது வராது. அன்னிக்குக் காட்டின நாடியும் தொண்ணூறுக்கு மேல; கிளிப் அவ விரல்ல இல்ல. அலாரம் அடிச்சப்ப இந்த ரூம்ல யார் இருந்தது? ஆ-கிம்மா?"

"அவ எங்க இருந்தா? கடையைக் கட்டிக்கிட்டு அழப் போயிட்டா! நான் ஒருத்தன்தான்..." கெவின் நிறுத்தினான். எல்லோரும் அவன் விரலைப் பார்த்தார்கள். "அது சும்மா சும்மா கத்துச்சுங்க! மாமா, அத்தை எல்லாம் வர்ற நேரம். அம்மா முழிச்சு வலியில முனகினா, அவங்க என்ன நினைப்பாங்க? பிள்ளை பக்கத்துல இருந்தும் வலியைப் பார்த்துக்கிட்டு இருந்தான்னு பேசமாட்டாங்களா? பாசத்துலதான் அமுக்கினேன்!"

"பாசத்துல அமுக்குன. கத்துச்சு. கிளிப்பை உன் விரல்ல மாட்டிக்கிட்ட. உன் ரத்தத்துல ஆக்சிஜன் தாராளமா இருந்துச்சு, மெஷின் அடங்கிருச்சு. தங்கச்சி வந்து அலறினதும் உதறிட்டு எழுந்த." பி-ஷியா அம்மாள் குரல் உயரவில்லை. "உங்கம்மா மூச்சுத் திணறுதுன்னு அது கூப்பிட்டுச்சு. விருந்தாளி முன்னாடி மானம் போகுமேன்னு நீ அது வாயை அடைச்ச. கொல்லணும்னு வர்றவன்கூடக் கொஞ்சம் தயங்குவான்."

நகரசபை உறுப்பினருக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் ஞாபகம் வந்தது. ஆ-கிம் அண்ணனைப் பார்த்தாள். "ஆ-ஹாவ்," என்றாள், வீட்டில் கூப்பிடும் பெயரில்.

கட்டிலிலிருந்து ருவான் அம்மாள் வாய் திறந்தாள். "அவ்வளவு தூரத்துலேருந்து வந்த பிள்ளையை ஏன் இப்படிப் போட்டு வாட்டுறீங்க? ஆ-கிம், நீ நேரத்தோட வந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?"

ஆ-கிம் அம்மாவின் தலையணையைச் சரிசெய்தாள்.

டைரக்டர் ஷீ சரேலென்று டாக்டர் தூ பக்கம் குனிந்தார். "உங்கமேல எனக்கு ஆரம்பத்திலேருந்தே நம்பிக்கை, டாக்டர்."

"அதை வெளிய போய்ச் சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

தாழ்வாரத்தில் மைக்குகள் நீண்டன. டைரக்டர் தொண்டையைக் கனைத்தார். குடும்பத்தார் மனம் நோகக்கூடாது, டாக்டரும் பாவம், ஆஸ்பத்திரிக்கும் கெட்ட பெயர் கூடாது; மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, "இது ஒரு சிறு இயந்திரக் கோளாறு..." என்று ஆரம்பித்தார்.

டாக்டர் தூ மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இயந்திரம் சரியா இருக்கு. நானும் சரியாத்தான் மருந்து குடுத்தேன். யார் பேரையும் சொல்லப் போறதில்ல. இதைப் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்றேன்: வலி மருந்துப் பொத்தான் நோயாளியோட விரலுக்கு மட்டும்தான். தூங்குற ஆளுக்காக நீங்க அமுக்காதீங்க. அலாரம் கத்தினா, கத்த விட்டுட்டு எங்களைக் கூப்பிடுங்க."

நிருபர்களில் ஒருவர் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் திரும்பச் சொன்னாள்.