இரண்டு தட்டு

செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் அந்தச் சந்தில் ஆதிமூலம் காரை நிறுத்தியபோது பகல் பன்னிரண்டரை மணி. சித்திரை வெயிலில் சந்தில் ஒரு நாய்கூட இல்லை. மேட்டு விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணைச் சென்னைக்கு ஏற்றிப்போக வந்திருந்தான். முப்பத்தாறு நாட்களாக அவன் தவிர்த்து வந்த சந்து அது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். புதுக் கேபிள். கறகறவென்று ஏறி இறுக்கமாக நின்றது. கியரிலும் போட்டு வண்டியை அணைத்தான். ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. காது பின்பக்கமே போயிற்று.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டது.

டொக். டொக்.

டிக்கியின் மேல் யாரோ செம்பு மோதிரம் போட்ட விரலால் தட்டியதுபோல. கண்ணாடியில் பார்த்தான். வெயிலைத் தவிர யாருமில்லை.

அந்தத் தட்டு அவனுக்குத் தெரியும். இந்த மேட்டில் பூ விற்ற கன்னியம்மாளின் தட்டு.

கேபிள் மாற்றுவதற்கு முன் ஆறு மாதமாக அவன் காரில் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. லிவர் மேலே வரும், சக்கரம் கேட்காது. "கேபிள் போச்சுண்ணா. ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போ" என்று மெக்கானிக் சக்திவேல் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். ஆதிமூலம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினான். அவனுக்குத்தான் கன்னியம்மாள் இருந்தாளே. பூக்கூடைமேல் போர்த்திய பிளாஸ்டிக் தாள் பறக்காமலிருக்க ஒரு கருங்கல் வைத்திருப்பாள். தேங்காய் அளவு, ஒரு பக்கம் விளிம்பு உடைந்தது. அவன் கார் மேடேறி நின்றதும் அதைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். பிறகு டிக்கியில் இரண்டு தட்டு. அதுவரை அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான். இருவருக்கும் அதுதான் ஏற்பாடு.

"மாட்டக்கூட ஒரு கயித்துல கட்டிப்புடலாம். உன் வண்டி என் கல்லுக்குத்தான் அடங்குது பாரு. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போ" என்று சிரிப்பாள். பதிலுக்கு எதையும் எதிர்பார்த்ததில்லை. அவ்வளவு சின்ன உதவி என்பதால்தான் அதன் கனம் அவனுக்குத் தெரியாமல் போனது.

முப்பத்தாறு நாட்களுக்கு முன், அன்று ஏசிக்காக வண்டியை ஓடவிட்டு, கியர் போடாமல் நிறுத்தியிருந்தான். கன்னியம்மாள் கல்லோடு வருவதைக் கண்ணாடியில் பார்த்தான். அதற்குள் சவாரிக்காரர் போனில், "எவ்ளோ நேரம்யா?" என்று கத்தினார். ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது.

அவன் தட்டுக்குக் காத்திருக்கவில்லை. காலை எடுத்து, இறங்கி, விடுதிக் கேட்டை நோக்கி நடந்தான்.

பின்னால் வண்டி உருண்டு மோதிய சத்தம். கத்தல்கூட இல்லை.

கூட்டம் சேர்ந்தபோது அவளுக்கு உயிர் இல்லை, கல் மட்டும் அவள் கையிலேயே இருந்தது. "ஐயோ, வச்ச கல்ல எடுத்துட்டாளா?" என்று யாரோ கேட்டார்கள். ஆதிமூலம் தலையை ஆட்டினான். ஒரே ஒரு தலையாட்டல். பிறகு காவல் நிலையத்திலும் அதையே வாயால் சொன்னான். "தட்டுனாங்க சார். நான் எறங்கனதுக்கப்புறம் அவங்களே கல்ல எடுத்துட்டாங்க." அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இப்போது விடுதிக் கதவு திறந்தது. வினோதினி என்ற அந்தப் பெண் பையோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். மேலே வழியில்லாத முட்டுச்சந்து. பின்னால் எடுத்துத்தான் இறங்க வேண்டும். அவன் ரிவர்ஸ் கியர் போட்டான்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

"என்னம்மா?"

"பின்னாடி ஒரு அம்மா குனிஞ்சிருந்தாங்களே. எழுந்துட்டாங்களான்னு பாத்துட்டு எடுங்க."

அவன் கியரிலிருந்து கையை எடுத்தான்.

இறங்கிப் போய்ப் பார்த்தான். யாருமில்லை.

பின்சக்கரத்தின் கீழே கல் இருந்தது.

விளிம்பு உடைந்த கருங்கல். அதைப் போலீஸ் பையில் கட்டி எடுத்துப்போனதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்த வெயிலிலும் ஈரமாக இருந்தது. மரிக்கொழுந்து வாசனை அடித்தது.

அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான்.

டொக். டொக்.

மறுபடியும் இறங்கினான். கல் சக்கரத்தின் கீழேயே இருந்தது. ஓரத்தில் அவன் வைத்த இடத்தில் ஈரத்தடம் மட்டும்.

"அண்ணா, யாருண்ணா தட்டுறது?" வினோதினி பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"வண்டி சரியில்லம்மா. மன்னிச்சுக்க. கீழ ரோட்டுல ஆட்டோ நிக்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். ஆதிமூலம் தலைக்கு மேலே மலையைப் பார்த்தான். கும்பிடக் கை எழவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு சந்து தள்ளியிருந்த கன்னியம்மாளின் வீட்டுக்கு நடந்தான்.

மகள் எழிலரசிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணா. இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, உக்காருங்க." கேன் தண்ணீரைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். முற்றத்துக் குழாயடியில் குடங்கள் காய்ந்து கிடந்தன.

அவன் பார்வை போன இடத்தை அவள் கவனித்தாள். "அந்தக் குழாய நான் தொறக்கறதே இல்லண்ணா. அன்னிக்குத் தண்ணி வந்துடுச்சு, சீக்கிரம் வாம்மான்னு போன் பண்ணது நான்தானே. அந்த அவசரத்துலதான் அம்மா கூடையக் கட்டிட்டு, தன் கல்லுதானேன்னு எடுத்திருக்கு. நானே கொன்னுட்டேன்."

அவன் சொம்பைக் கீழே வைத்தான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"அம்மா கல்ல எடுக்கலம்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"வைக்கத்தான் வந்தாங்க. குனிஞ்சிட்டிருந்தாங்க. நான்தான்..."

"தட்டலையா?"

"தட்டல."

"தட்டாமயே எறங்கிட்டியா?"

அவள் பேச்சிலிருந்து 'அண்ணா' போய்விட்டிருந்தது. அவன் குனிந்தான். அவள் கால் பக்கமாகக் கையை நீட்டினான். அவள் பின்வாங்கினாள்.

"என் கால்ல உழுந்து நீ நிம்மதியாப் போயிடாத. முப்பத்தாறு நாளா எங்கம்மா மேல பழி. என்னையும் அதுல போட்டுப் பொசுக்கிட்ட. எங்க போயி பொய் சொன்னியோ, அங்க போயி சொல்லு. போ."

அவன் வாசல் இறங்கும்போது பின்னால் குழாய் திருகும் சத்தம் கேட்டது. அன்று தண்ணீர் விடும் நாள் இல்லை. ஆனாலும் குடத்தில் தண்ணீர் விழும் ஓசை சந்துவரை வந்தது.

காரிடம் திரும்பினான். கல் இல்லை. ஈரத்தடமும் இல்லை. வண்டி தடையில்லாமல் பின்னால் இறங்கியது.

காவல் நிலைய வாசல் சமதரை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். அது நின்றது. இறங்கலாம். ஆனால் கால் பிரேக்கிலேயே இருந்தது. உள்ளே போனால் வீடு, வண்டி, லைசென்ஸ் என்னவாகும் என்று மனம் ஓடியது. திரும்பிப் போய்விடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தான்.

அப்போதுதான் தெரிந்தது, அவன் காத்திருக்கிறான் என்று. அன்று காத்திருக்காததற்கு இன்று.

நேரம் போனது. வியர்வை கழுத்தில் இறங்கியது.

மரிக்கொழுந்து வாசனை.

டொக். டொக்.

அவன் காலை எடுத்தான். இறங்கினான். பின்னால் பார்க்காமல் படியேறினான்.

வாசலில் நின்ற பெண் காவலர் அவனைத் தாண்டிக் காரைப் பார்த்தாள்.

"என்னங்க, கூட வந்த அம்மாவ வெயில்லயே குந்த வச்சிட்டு வரீங்க? பாவம், கையில கல்லு வேற. நெழலுக்கு வரச் சொல்லுங்க."