ஒட்டுத் தெரியாத குரல்

அந்த மூச்சை அவள் ஒட்டவில்லை.

மிர்க்கா ஒலிநாடாவைக் கையாலேயே பின்னுக்கு உருட்டி, காதுக்கருவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். “நான்தான்” என்ற சொல்லுக்கும் “நாசமாக்கினேன்” என்ற சொல்லுக்கும் நடுவே, நெஞ்சில் சளி கரகரக்க ஒரு கிழவர் காற்றை உள்ளே இழுத்தார். அந்த இடத்தைச் சவர பிளேடால் நறுக்கி எறிந்தாயிற்று. நறுக்கிய துண்டு காலடியில் சுருண்டு கிடந்தது. மூச்சு மட்டும் நாடாவை விட்டுப் போகவில்லை.

ப்ர்னோ நகர வானொலியின் அந்த அடித்தள அறைக்கு ஜன்னல் கிடையாது. நாடாவின் காடி வாசமும் சூடேறிய இயந்திரத்தின் எண்ணெய் வாசமும் தலையைக் கிறக்க, சுவரோரம் போகும் வெந்நீர்க் குழாய்க்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இசைத்தட்டில் பதிவு செய்த காலத்தில் சொன்னது சொன்னதுதான்; தட்டை உடைக்கலாம், ஒளித்து வைக்கலாம், மாற்ற முடியாது. போர் முடிந்தபின் நாடா வந்தது. ஆட்சிக்கு ஆகாத பெயர்களையும் தேவையில்லாத சிரிப்பையும் நறுக்கி எடுப்பது மிர்க்காவின் வேலையாயிற்று. நறுக்கத் தெரிந்தவளுக்குக் கோக்கவும் தெரியும் என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது.

பேராசிரியர் ஒதெனல் ஆப்பிள் மரங்களைப் பற்றி வருடக்கணக்காக வானொலியில் பேசியவர். பூச்சி வேரை அழித்துவிடும் என்பார். எல்லைக்கு அப்பாலிருந்து ஒட்டுக்கிளை தருவித்தேன் என்பார். மருந்து அதிகமானால் நஞ்சு என்பார். இலையுதிர் காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே சொற்களைக் கோத்து, அந்நியர் பேச்சைக் கேட்டுக் கூட்டுப்பண்ணைத் தோட்டங்களை அழித்ததாக அவரே ஒப்புக்கொள்ளும்படி செய்திருந்தாள் மிர்க்கா.

அவளுடைய பிரிவின் தலைவர் குபாத் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

“முடிஞ்சுதா?”

“இதுல ஒரு மூச்சு வருது, தோழர். நான் போடல.”

அவர் காதில் வைத்துக் கேட்டார். “நல்லாத்தானே இருக்கு? உயிரோட இருக்கிற ஆள் மாதிரியே இருக்கு.”

“அவரையே பேச வெச்சுப் பதிஞ்சிருக்கலாமே?”

குபாத் நாடாச் சுருளைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “போன வாரத்தோட அவர் பேசறது நின்னுபோச்சு,” என்றவர், வாசலில் நின்று சிரித்தார். “இதையெல்லாம் வீட்ல போய் உளறி வைக்காதம்மா.”

வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. டிராமில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிலக்கரிப் புகை கலந்த பனி கண்ணாடியில் சாம்பலாக வழிந்தது. வீட்டுப் படியேறும்போதே ஒவ்வொரு மூடிய கதவுக்குப் பின்னாலும் ஒதெனல் பேசிக்கொண்டிருந்தார். கட்டடம் முழுக்கப் போன மாதம் அரசாங்கம் மாட்டிவிட்டுப் போன கம்பி வானொலி. அலைவரிசையை மாற்றக் குமிழ் கிடையாது. சத்தத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

சமையலறையில் அவள் கணவன் வோய்தெக் பூண்டு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். சுவரில் அந்தப் பெட்டி.

“கேட்டியாடி? அப்பாவி மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு, நம்ம ஆப்பிள் கிழவன் என்ன வேலை பண்ணியிருக்கான் பாரு!”

மிர்க்காவால் தாங்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அவன் காதோடு வாயை வைத்தாள்.

“அவர் சொல்லல வோய்த்தா. அவர் செத்துட்டார். எல்லாம் நான் வெட்டி ஒட்டினது.”

கரண்டி நின்றது.

பெட்டியும் நின்றது.

பாட்டு வரவில்லை. அறிவிப்பு வரவில்லை. மெல்லிய இரைச்சல் மட்டும். பெட்டியின் முகப்பிலிருந்த துணி, பின்னாலிருந்து யாரோ காதை அழுத்தி வைத்ததுபோல் லேசாக வெளியே புடைத்தது. பிறகு ஒரு பெண் பேசினாள்.

“என் பெயர் த்ரகோமீரா ஸெட்லாச்கோவா. மக்கள் வானொலியில் உட்கார்ந்துகொண்டு மக்களுக்கே நஞ்சிட்டேன்.”

மிர்க்காவின் முழுப்பெயர். அவள் குரல். அவளேதான். நாடாவோடு பழகிய காது தன்னையறியாமல் ஒட்டைத் தேடியது. ஒட்டு இல்லை. ஒரு சொல்கூட இடறவில்லை. குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இந்தக் குழாய். இந்தத் தண்ணீர்.

“என் கணவருக்கு இதில் எதுவும் தெரியாது,” என்றது குரல்.

வோய்தெக்கின் தோள்கள் தளர்ந்து இறங்கின.

“அது நானில்ல! வோய்த்தா, இங்க பாரு. நான் இங்க நிக்கிறேன்.”

அவன் திரும்பவில்லை. குழாயை மூடினான். நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். டிராமில் இடித்துவிட்ட யாரோ ஒருத்தியின் கையைப்போல, மரியாதையாக எடுத்து அப்பால் வைத்தான்.

“கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. என் பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்கா.”

அவள் கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. காற்று வந்தது.

காற்று மட்டும்.

“சூப் ஆறுது வோய்த்தா,” என்றது பெட்டி, கனிவாக.

அவன் தலையாட்டினான். இரண்டு தட்டில் ஊற்றினான். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதைப் பெட்டிக்குக் கீழே அலமாரியில் வைத்தான்.

பெட்டிக்குள்ளிருந்து, தட்டில் கரண்டி உரசும் சத்தம் வந்தது.