இருபத்திரண்டாவது நிமிடம்

ஒசாகாவில் ஜூன் மாத மழை மூன்று நாளாக விடவில்லை. சயோகோ குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். விவாகரத்துத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகக் கணவன் ரென்ஜியின் முத்திரை வேண்டும். ஐந்து நிமிட வேலை.

கதவு திறந்ததும் சூடேறிய ஒயர் வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னல்களைப் பழைய மெத்தைகளால் அடைத்திருந்தான். இரைச்சலையே இசையாகச் செய்கிறவன் ரென்ஜி. இரும்புத் தகட்டைத் தேய்த்து, அந்தக் கிறீச்சிடலை நூறு மடங்காகப் பெருக்குவான்.

"முத்திரை போடுறேன். முதல்ல புது ஆல்பத்தை ஒரு தடவை கேளு."

"இதையெல்லாம் இன்னும் யாராவது வாங்குறாங்களா?"

"உலகம் பூரா முந்நூறு பைத்தியம் இருக்கு." சிரிக்கப் போய் இருமினான். பிறகு கிசுகிசுத்தான். "இருபத்திரண்டாவது நிமிஷத்துல கொதோஹா இருக்கா."

சயோகோவுக்கு ரத்தம் கொதித்தது. "செத்துப்போன பொண்ணு குரலையா இதுல சேர்த்தீங்க?"

"நான் சேர்க்கல. அவ பேசின டேப் எல்லாம் உங்கிட்டதானே இருக்கு?"

உண்மைதான். மூன்று வருடம் முன்பு பிரிந்தபோது ஒன்றுவிடாமல் அவள்தான் எடுத்துப் போயிருந்தாள்.

"என்னமோ சொல்றா, சயோகோ. என் காது பாதி போயிடுச்சு. எவ்வளவு சத்தமா வெச்சாலும் வார்த்தை புரியல. நீ கேட்டுச் சொல்லேன்."

ஹெட்போனை மாட்டினாள். தகரக் கூரையைப் பிய்த்தெடுப்பது போன்ற இரைச்சல் மண்டைக்குள் புகுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இரைச்சலுக்கு அடியில் ஒரு மூச்சு.

இழுத்து இழுத்து, விசிலடிக்கும் மூச்சு.

ஆஸ்துமாவில் ஆறு வயதில் போன மகளின் மூச்சு. அன்று சயோகோ வேலைக்குப் போயிருந்தாள். ரென்ஜி பக்கத்து அறையில் ஹெட்போனோடு ஒலிப்பதிவில் இருந்தான். குழந்தை அவனைக் கூப்பிட்டாளா, தூக்கத்திலேயே போய்விட்டாளா? இருவரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

"அப்பா... சத்தத்தைக் கொறைங்கப்பா... கூப்பிடுறேன்ல..."

ஹெட்போனைக் கழற்றினாள்.

ரென்ஜி எதிரே மண்டியிட்டிருந்தான். காதில் செருகியிருந்த பஞ்சில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்ன சொல்றா?"

மூன்று வருடமாக அவனைச் சுட்டுப் பொசுக்க ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். இப்போது கையில் கிடைத்திருந்தது.

"தூக்கம் வருதுப்பான்னு சொல்றா," என்று அவன் காதருகே உரக்கச் சொன்னாள். "அவ்வளவுதான். அவ கூப்பிடவே இல்லை."

அவன் தரையில் முகம் புதைத்துக் கேவினான். சயோகோ எட்டி எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அவள் கழுத்தோரம் சின்னதாய் ஒரு மூச்சு பட்டது. விசிலடித்தது.

"நான் கூப்பிட்டேனேம்மா."