சிசிலி வெயில்

பர்மாவின் போட்டாதாங் பேட்டையில், அவர்கள் வீடிருந்த பழைய கட்டிடத்தின் முன்னால் டாக்சி நின்றபோது மத்தியானம்தான். ஆனால் மழை கொட்டிய கொட்டில் தெருவே இருண்டு கிடந்தது. அம்சவேணியும் சுரேந்திரனும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள். தேனிலவுக்கு சிசிலி போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

எலுமிச்சைத் தோப்பு, உப்பளம், எரிமலைச் சரிவு, கிரேக்கர் காலத்துக் கோயில் என்று அங்கே எங்கே திரும்பினாலும் வெயில். கப்பல் வேலைக்காரனான சுரேந்திரன்தான் அந்தத் தீவுக்கே போகவேண்டும் என்று அடம்பிடித்தான். போன இடத்தில் இரண்டு தடவை அவளை "விஜயா" என்று கூப்பிட்டுவிட்டான். விஜயகுமாரி அவனுடைய முதல் மனைவி. செத்துப்போனவள். அம்சவேணி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த வீட்டில் பூஞ்சை நாற்றம்தான் வரவேண்டும். வந்தது எலுமிச்சைப் பூ வாசம். அதற்கடியில் கந்தகம் கருகிய நெடி.

கரண்ட் இல்லை. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. ஆனாலும் கூடத்துத் தரையில் மஞ்சள் வெயில் ஒரு துண்டு விழுந்து கிடந்தது.

அதன்மேல் கறுப்புச் சாம்பல். சாம்பலில் வெறுங்கால் தடங்கள்.

தடங்கள் படுக்கையறைக்குள் போயிருந்தன. திரும்பி வரவில்லை.

"என்னங்க, இது யாரு கால்?"

சுரேந்திரன் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தான். அதற்குள் கீழ்வீட்டு பர்மாக்கார அம்மா டோ சான் படியேறி வந்தாள். போன மாதம்தான் அங்கே குடிவந்தவள். அம்சவேணியைப் பார்த்ததும் குழம்பிப்போனாள்.

"நீங்க இப்பத்தான் வர்றீங்களா? அப்போ நேத்து வந்தது யாரு? உங்க பாஷையில கத்திக்கிட்டே இருந்துச்சு. மூஞ்சியெல்லாம் வெயில்ல வெந்து தோலுரிஞ்சு... பாவம்னு தண்ணி கொண்டாந்தேன். என் கையைத் தட்டிவிட்டுச்சு."

அவள் போன பிறகு சுரேந்திரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட விஜயா சிசிலி, சிசிலின்னுதான் சொல்லிட்டிருந்தா, அம்சா. கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்னு கையில அடிச்சுச் சொன்னேன். நாம போனா அவ மனசு ஆறும்னு நெனச்சேன்."

"அவளுக்காகவா என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"



படுக்கையறைக் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்த மாதிரி.

"வெளிய போடி."

காய்ந்த தொண்டையிலிருந்து வந்த பெண்குரல். கதவுக்கு மறுபக்கம், வெகு பக்கத்தில்.

பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். வந்த டாக்சியைப் பிடித்துப் பாலம் தாண்டி, தன்லியினில் அம்சவேணியின் அண்ணன் பிரேம்நாத் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் நல்ல மழை. வீடு குளிர்ந்து கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் தைரியமும் வந்தது.

குளிக்கப் போனவள் ரவிக்கையைக் கழற்றினாள். சிசிலி வெயிலில் அவள் கை நன்றாகக் கறுத்திருந்தது.

முழங்கைக்கு மேலே மட்டும் ஐந்து வெள்ளைக் கோடுகள். ஊர் பூராவும் யாரோ அங்கே இறுக்கிப் பிடித்துக்கொண்டே கூட வந்தது போல, விரல் பட்ட இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. காலையில் விமானத்தில் அந்தத் தடம் இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளும் மழை விடவில்லை. காபி கொண்டுவந்த அண்ணி சாந்தி, தம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்சா... உன் கழுத்துல என்ன இது, விரல் விரலா?"