பாதி ஒளிர்ந்த ரத்தம்

காலை பத்து மணிக்குத் திரையைப் பார்த்த டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயில் இருந்தது அந்தப் பையனின் ரத்தமே இல்லை.

மூன்று வயதுப் பையன். ஒரு காய்ச்சல் விட்டால் அடுத்தது. ரத்த செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு புரதம் அவனுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பால் நோயை எதிர்க்க முடியாது. அது இருக்கும் செல்லில் சாயம் ஒளிரும். வெள்ளணுக்களில், டி செல்கள் என்ற வகையில் யாருக்குமே அது கிடையாது. பி செல்களிலும் மோனோசைட்டுகளிலும் இருக்கும். திரையிலோ மோனோசைட்டுகளில் பாதி ஒளிர்ந்தன, பாதி இருண்டு கிடந்தன.

"மெஷின் கோளாறா இருக்கும் டாக்டரம்மா," என்றாள் டெக்னீஷியன்.

"மத்த செல்லெல்லாம் சரியாத்தானே காட்டுது?"

அந்தப் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். எல்லாமே ஒளிரும், அல்லது எதுவுமே ஒளிராது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்றுதான் வேலை செய்யும். பாதிப்பாதி என்றால் அது ஒரு பெண்ணின் ரத்தம். பழுதைச் சுமந்துகொண்டு, தெரியாமலே நடமாடும் பெண்.

வார்டுக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், பையனோட அம்மா ரத்தம் மாறி வந்திருக்குமா?"

"அவங்க ஊர்லயே இல்லம்மா. அப்பாதான் கூட இருக்காரு. பிஞ்சுக் கையாச்சேன்னு குட்டிக் குழாய்லதான் எடுத்தேன். இங்க பெரிய குழாயே கிடையாது."

மேஜைமேல் பையனின் பெயரோடு நின்றது பெரிய குழாய். மாற்றம் நடந்தது வார்டில் இல்லை. ரத்தத்தை இங்கே கொண்டுவந்த டிரைவர் ஆண்.

"கோட்டுக் கையை மடக்கும்மா," என்றார் டெக்னீஷியனிடம்.

முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கை தவறிக் கொட்டிடுச்சு டாக்டரம்மா," என்று அழுதாள் அவள். "திட்டுவீங்கன்னு பயந்து என் ரத்தத்தை வெச்சேன். நாளைக்கே அவங்ககிட்ட வேற கேட்டு வாங்கிடலாம்னு…"

"குறை இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்திருந்தா அந்தப் பையன் கதி என்ன?"

கேட்டுவிட்டாரே தவிர, டாக்டரம்மாவின் கோபம் அதற்குள் வடிந்துவிட்டது. மெஷினே பழுதாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"உனக்குக் கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான்."

"உனக்கு?"

"ஒரு பையன். ஒன்றரை வயசு. காதுல அடிக்கடி சீழ்…"

அவளும் அந்தத் திரையைத் தினம் படிப்பவள்தான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்கே கூட்டிட்டு வா. இப்பவே தெரிஞ்சா மருந்து இருக்கு. அந்தப் பையனுக்கும் திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்றேன்."

அவள் கோட்டைக் கழற்றப் பார்த்தாள். ஒரு பித்தான்கூடக் கழலவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து, பித்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார்.